அப்பாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள்

தூத்துக்குடிக்கு வந்த முதல் வாரத்தில், புதுத் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ரொம்ப நேரம் நான் சும்மா நின்றேன். ரோட்டோரத்தில் ஒரு கம்பு நட்டு அதில் சிவப்புக் கொடி கட்டியிருந்தது. சிவப்புக் கொடியைக் கண்டால் நிற்க வேண்டும் என்று இலங்கை மலைத் தோட்டத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் பாறை வெடிக்கும், கல் பறக்கும், பிறகு ஒருவன் விசில் ஊதுவான், நாம் போகலாம். தோட்டத்து ரோட்டில் நடக்கப் பழகின நாளிலிருந்து நமக்கு அதுதான் பாடம். அதனால் நின்றேன். வெடிக்கவில்லை. சுற்றிப் பார்த்தால் வெடிப்பதற்கு அங்கே ஒரு கூழாங்கல்கூட இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை உப்பளம். என்னைத் தாண்டி சைக்கிள் போனது, மாட்டுவண்டி போனது, ஒரு பன்றியும் போனது. பன்றிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று நினைக்கும்போது எதிரே இருந்த டீக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"ஏலே, யாருக்குலே நிக்க?"

"வெடி போடப் போறாங்களாங்க?" என்று கேட்டேன்.

கடை முழுக்கச் சிரித்தது. "சாயங்காலம் மீட்டிங் இருக்கு. மேடையில ஏறி வாயாலதான் வெடி போடுவாவ. அதுவரைக்கும் நிக்கியா?"

அது தொழிற்சங்கக் கொடி. அன்றிலிருந்து அந்த ரோட்டில் எனக்கு 'சிலோன் வெடி' என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ராசு. அதைக் கேட்டவர்கள் இங்கே யாரும் இல்லை.

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அங்கே உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நம்ம நாடு, நம்ம சனம், எங்கே பார்த்தாலும் தமிழ் போர்டு என்று சொல்லியிருப்பார்கள். போர்டு விஷயத்தில் பொய் இல்லை. அங்கே பஸ் போர்டில் இருக்கிற சிங்கள எழுத்தை நாம் என்றைக்காவது படித்தோமா? சுருள் சுருளாக இருந்தால் பதுளை, கொக்கி போட்டிருந்தால் கண்டி என்று குத்துமதிப்பாக ஏறிப் போனோம். இங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்ற நான்கூட எல்லா போர்டையும் படிக்கிறேன். பஸ்ஸைப் படிக்கிறேன், சினிமாவைப் படிக்கிறேன், சுவரில் 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருப்பதையும் படிக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள்தான் அதைப் படிப்பதில்லை. அந்த எழுத்துக்குக் கீழே இருக்கிற சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும், எழுதாத சுவர் காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு ஞாபகமே வருகிறது போல. ஆக, எழுத்தில் நமக்குச் சண்டை இல்லை. எழுத்து இல்லாமல் தொங்குகிற, பறக்கிற, ஆடுகிற சங்கதிகள்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கும்.

துறைமுகத்தில் உயரமான கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கறுப்பாக ஒரு கூடை மாதிரி தொங்கும், இரவில் விளக்கு. வந்த வருஷம் ஐப்பசியில் ஒன்றாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எச்சரிக்கை என்ற சொல் காதில் விழுந்ததுதான் தெரியும், எங்கள் குடியிருப்பு மொத்தமும் மூட்டை கட்டிவிட்டது. மண் சரிந்து லயத்து வரிசை வீடுகளோடு ஆட்களைப் புதைத்த மலையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே முதலில் ஓட வேண்டும், எதற்கு ஓடினோம் என்று பிறகு கேட்கலாம். பாயும் சட்டியுமாக முத்தையாபுரம் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தோம். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. எங்களை வேடிக்கை பார்க்க வந்தவர்களில் அந்தோணி அண்ணன் ஒருவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் சங்கத் தலைவர். அவர் அப்பா முத்துக் குளித்தவர். முத்துக் குளிப்பு நின்றுபோன பிறகு மகன் மூட்டை தூக்க வந்துவிட்டார். கடலை அவருக்குத் தன் வீட்டுத் திண்ணையைப் போலத் தெரியும்.

"ஒண்ணாம் நம்பருக்கு ஓடுனவன இப்பத்தாம்லே பாக்கேன். எங்க வீட்டுல ஒண்ணாம் நம்பருன்னா வலைய எடுத்து வெளியில காயப் போடுவாவ."

என் அப்பா அவரைப் பார்த்துப் பணிவாக, "மலை விழுந்து பாத்திருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார். அந்தோணி அண்ணன் இல்லை என்றார். "நாங்க கடல் விழுந்து பாத்ததில்லைங்க. அதான் ஓடி வந்துட்டோம்," என்றார் அப்பா. என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்பா பெயர் பெருமாள். அவரை வைத்துத்தான் நான் சொல்ல வந்த கதை.

மண்டபம் முகாமிலிருந்து எங்களை இங்கே அனுப்பி, முத்தையாபுரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ரோட்டோரமாக ஓலைக் குடிசை போட இடம் காட்டினார்கள். காண்ட்ராக்டர் ஒருவர் வந்து ஆண்களை எல்லாம் உப்பு மூட்டை தூக்க எடுத்துக்கொண்டார். ஊர்க்காரனுக்குக் கொடுக்கிற கூலியைவிடக் குறைச்சல். வாங்கிக்கொண்டோம், வேறென்ன செய்ய. அதனாலேயே ஊர்க்காரர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. அவர்கள் தட்டிலிருந்து சோற்றை அள்ளியது காண்ட்ராக்டர் கை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது எங்கள் கை. சங்கத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தோணி அண்ணனிடம் போய்க் கேட்டேன். நீங்கள் எப்போது கப்பல் ஏறித் திரும்பிப் போவீர்கள் என்று யாருக்குத் தெரியும், உங்களுக்கெல்லாம் சங்க அட்டை கிடையாது என்றார். ஏறினால் எங்களை இறக்கிவிடுகிறவன் யார் என்று கேட்டேன். அங்கே நம்மைக் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். நடுவில் கப்பலில் இருந்த சில மணி நேரம்தான் நமக்கு யாரும் பெயர் வைக்காமல் இருந்தார்கள். அப்போதும் நாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சங்கம் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தது. அட்டை இல்லாத எங்களிடமும் வந்தார்கள். அட்டை கொடுக்க அல்ல, கொடி கட்ட. ஒவ்வொரு குடிசைக்கு முன்னாலும் ஒரு கம்பு நட்டு அதில் சிவப்புத் துணியைக் கட்டினார்கள். அந்தோணி அண்ணன் நடுவில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார்: "இந்தக் கொடி நிக்கிற வரைக்கும் ஒங்க மேல ஒருத்தன் கை வைக்க மாட்டான். எறங்குச்சு, வேலைக்குப் போறியன்னு அர்த்தம். அப்புறம் ஓலை ஒண்ணு நிக்காது கூரையில." சரி என்றோம். நாங்கள் வேலைக்குப் போகவில்லை. பயம் பாதி. மீதிப் பாதி, கூலி கூடினால் எங்களுக்கும் கூடாதா என்ற ஆசை.

வேலை நிறுத்தம் நடக்கும்போதே அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மலைக்குளிரில் அத்தனை வருஷம் அட்டைப்பூச்சிக் கடியோடு நின்றவரை இந்த உப்புக் காற்று வந்து சாய்த்தது. ஒரு நாள் விடிகிற நேரத்தில் போய்விட்டார்.

தோட்டத்தில் யார் செத்தாலும் முதலில் கத்தியை எடுத்துக்கொண்டு மூங்கில் வெட்டப் போகிறவர் அப்பாதான். யாரும் சொல்ல மாட்டார்கள், அவராகப் போவார். செத்தவர் காம்பரா வாசலில், அதாவது அவர் குடியிருந்த அறை வாசலில், முதல் வெள்ளைக் கொடியை நடுவார். அப்படியே லயத்தைச் சுற்றி, தேயிலைக்கு நடுவே இறங்கி, மெயின் ரோடு வரை ஒரு வரிசை. மேலே மயானம் வரை ஒரு வரிசை. தப்பு மேளம் அடிப்பதும் உண்டு. ஆனால் மலை வளைவில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் கொடி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்வார்கள். கொடிக்குப் பக்கத்தில் வந்தால் பஸ் மெதுவாகும். சிங்களக் கண்டக்டர் "மள கெதர" என்று உள்ளே பார்த்துச் சொல்வான். சாவு வீடு என்று அர்த்தம். பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிடும். டவுனில் சிங்கள முதலாளி கடைக் கதவில் ஒரு பலகையை எடுத்து மூடுவார். அவர்கள் எழுத்து நமக்குத் தெரியாது, நம் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. நம்மை ஏன் அனுப்ப வேண்டும், ஏன் அனுப்பக் கூடாது என்பதிலும் ஒத்துப்போகவில்லை. இருந்தும் வெள்ளைக் கொடியை இரண்டு பேரும் ஒரே மாதிரி படித்தோம். இங்கே வந்து பார்த்தால் எழுத்து எல்லாம் ஒன்று, பேச்சும் கிட்டத்தட்ட ஒன்று. கொடியைத்தான் வேறு மாதிரி படிக்கிறார்கள். இது எனக்கு அன்று காலையில் தெரியாது.

அம்மா அழுகையை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் கட்டுனவருடா. அவருக்குக் கட்டாம இருந்துடாத," என்றாள். அப்பாவுக்கு நல்ல வேட்டி இரண்டு. ஒன்றை அவருக்குக் கட்டினோம். இன்னொன்றை நான் கிழித்தேன். போதவில்லை. பக்கத்துக் குடிசைக்காரர்களும் முகாமில் கொடுத்த துணியைக் கொண்டுவந்து தந்தார்கள். கம்புக்கு எங்கே போவது? இந்தக் கரையில் மூங்கில் கிடையாது, உடைமரத்தில் கோணல்தான் கிடைக்கும். சங்கத்தார் நட்ட கம்புகள் நேராக நின்றன. அதில் சிவப்பு இருந்தது. பிணம் போகிற பாதையில் சிவப்பு பறக்கக் கூடாது, அது நமக்கு அபாயம். அதனால் சிவப்பை மரியாதையாக அவிழ்த்து, மடித்து, எங்கள் டிரங்குப் பெட்டி மேல் வைத்துவிட்டு வெள்ளையைக் கட்டினேன். ஒரு குடிசை விடவில்லை. ரோடு வரை வரிசையாகப் பறந்தது. சாவு வீடு என்று குருடனுக்கும் தெரியும் என்று நினைத்தோம். அந்தோணி அண்ணன் சொன்னது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. செத்த வீட்டில் யார் சங்கத்தை நினைப்பார்கள்?

அக்காவுக்குத் தந்தி கொடுக்க ஒருவனை டவுனுக்கு அனுப்பினோம். அக்கா புருஷனுக்கு அந்த நாட்டுப் பிரஜா உரிமை கிடைத்துவிட்டதால் அவள் எங்கள் பழைய லயத்திலேயே இருக்கிறாள். வர முடியாது. ஆனால் தெரிய வேண்டுமே.

உப்பளத்துக்குப் போகிற பெண்கள் ரோட்டில் வந்தார்கள். கொடிகளைப் பார்த்ததும் நின்றார்கள். துக்கம் கேட்க வருகிறார்கள் என்று நினைத்து அம்மா தலையை விரித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து கையை நீட்டினாள். கட்டிப்பிடித்து அழுவதுதானே வழக்கம். அதில் ஒருத்தி, "ஏளா, பாத்தியா, சிலோன்காரன் கால்ல விழுந்துட்டான்," என்று சொல்லிவிட்டுக் காறித் துப்பினாள். எல்லோரும் வேகமாக நடந்து போய்விட்டார்கள். நீட்டிய கையோடு அம்மா நின்றாள். "ஏன்டா துப்புறாங்க?" என்று கேட்டாள். "வெத்தலை போட்டிருப்பாங்கம்மா," என்றேன்.

இந்த ஊரில் சாவைக் காதால் தெரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. இந்துக்கள் சங்கு ஊதுவார்கள், கிறிஸ்தவர்களான வேதக்காரர்களுக்குக் கோயிலில் துக்க மணி அடிக்கும். மணியை எண்ணி ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். எங்களிடம் சங்கு இல்லை. தப்பு அடிக்கிறவருக்கு அந்த நாட்டிலேயே பிரஜா உரிமை கிடைத்துவிட்டது. ஆகவே எங்கள் சாவு அவர்களுக்குச் சத்தமே இல்லாத சாவு. ஒரு சத்தமும் இல்லாமல் ஒருவன் கூலி உயர்வுச் சண்டைக்கு நடுவில் வெள்ளைக் கொடியைத் தூக்கினால் தோற்றுப்போய்ச் சரணடைந்துவிட்டான் என்றுதான் படிப்பார்களாம். படித்தார்கள்.

முதலில் படித்தது காண்ட்ராக்டர். உச்சி வேளைக்கு முன்னால் அவருடைய லாரி ஒன்று காலியாக வந்து எங்கள் வாசலில் நின்றது. டிரைவர் பெயர் சுடலை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்காமலே, "மொதலாளி அனுப்புனாரு. எத்தன பேரு வாரிய?" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தோட்டத்தில் சாவு விழுந்தால் துரை லாரி கொடுப்பார், உங்களுக்குத் தெரியும். இவரும் மனிதர்தான், கூலியில் பிடித்ததைச் சாவில் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒருத்தர் படுத்துக்கிட்டு வருவாருங்க. மத்தவங்க சுத்தி உக்காந்துக்குவோம்."

"படுத்துக்கிட்டா? வேலைக்கி வாரியளா, தூங்க வாரியளா?"

"அவருக்கு இனிமே வேலை இல்லைங்க."

"வேலையில்லாதவன எதுக்குலே லாரியில ஏத்துத?"

அப்போது உள்ளே அம்மா குரல் எடுத்தாள். சுடலை இறங்கி வந்து குனிந்து எட்டிப் பார்த்தார். துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு என்னைத் தனியாக இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். காலையில் ஜீப்பில் போன காண்ட்ராக்டர் கொடிகளைப் பார்த்துத் தொடையில் தட்டினாராம். சிலோன்காரன் வழிக்கு வந்துவிட்டான், சங்கம் உடைந்தது, லாரியை அனுப்பு என்றாராம். சங்கத்தாரும் பார்த்துவிட்டார்களாம். துறைமுக முக்கில் கல்லோடு நிற்கிறார்களாம்.

எங்களுக்குக் கொடுத்த இடுகாடு அந்த முக்கைத் தாண்டித்தான் இருக்கிறது, கடலோரத்தில். பக்கத்து ஊர் மயானத்தில் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாடை தூக்கி அவ்வளவு தூரம் நடந்தால் அப்பா தாங்க மாட்டார். சுடலை லாரியைத் திருப்பப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, இங்க வந்துட்டுத் திரும்பிப் போற லாரிக்கும் கல்லுதான். எங்களோட வந்தா எங்கப்பா முன்னால படுத்து வாங்கிக்குவாரு," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒனக்கெல்லாம் சாவு வீட்டுலயும் வாய் அடங்காதாலே," என்றார். ஆனால் பின்பக்கப் பலகையை இறக்கினார்.

அப்பாவைப் பாடையோடு ஏற்றினோம். வெள்ளைக் கொடிகளில் சிலவற்றைப் பிடுங்கி லாரியின் நான்கு பக்கமும் கட்டினேன். பாதையில் நட வழியில்லை என்றால் கொடி அவர் கூடவே போகட்டும் என்று.

முக்கில் ரோடு முழுக்க ஆட்கள். லாரி மெதுவானதும் முதல் கல் பக்கப் பலகையில் விழுந்தது. இரண்டாவது கண்ணாடியில். மூன்றாவது கல் மேலே பறந்து வந்து அப்பாவின் வயிற்றில் விழுந்து பாய்க்கு உருண்டது. அம்மா அவர்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த சிங்களக் கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னேன். ஒருவனுக்கும் புரியவில்லை, ஆனால் குரலை எல்லோரும் படித்துவிட்டார்கள். பத்துப் பேர் லாரி மேல் பாய்ந்தார்கள். முதலில் ஏறியவர் அந்தோணி அண்ணன். சக்கரத்தில் காலை வைத்து ஏறி, பலகைக்கு மேலே தலையை நீட்டி, உள்ளே பார்த்தார். கை தானாக நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சிலுவை போட்டது.

வருத்தப்பட்டு வழி விடுவார் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். வெட்கப்பட்டவனுக்குத்தான் கோபம் அதிகம் வரும்.

"செத்தா சங்கு ஊதணும், நாலு பேருக்குச் சொல்லி விடணும். வெள்ளக் கொடி கட்டுனா எவனுக்குலே தெரியும்?"

"எங்க ஊர்ல இதுதாண்ணே சொல்லி விடுறது."

"அப்ப ஒங்க ஊருக்கே போங்கலே."

இந்த வார்த்தையை நான் அங்கேயும் கேட்டிருக்கிறேன். பாஷைதான் வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகப் பக்கத்தில் நின்றவன் ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். அந்தோணி அண்ணன் அவன் கையைத் தட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இங்கே நிற்கிற பத்துப் பேருக்குத்தான் உள்ளே இருப்பது பிணம் என்று தெரியும். துறைமுகக் கேட் வரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். காண்ட்ராக்டரின் லாரி வெள்ளைக் கொடியோடு சங்கத்தைத் தாண்டிப் போனது என்று அவர்கள் பார்த்தால், நாளைக் காலையில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவார்கள். வெள்ளையை இறக்கு, சிவப்பைக் கட்டு, போ. இறக்காவிட்டால் லாரி இங்கேயே நிற்கும்.

முடியாது என்றேன். ஊரில் எத்தனை பேருக்கு இவர் கட்டினார், இவருக்கு இல்லை என்றால் எப்படி என்று கேட்டேன். நிற்கட்டும், சாயங்காலம் வரை நிற்கட்டும், எனக்கு அவசரம் இல்லை என்றேன். சொல்லும்போதே அப்பா முகத்தில் ஈ மொய்ப்பதைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் எங்கள் வாயையே பார்த்துவிட்டு எழுந்தாள்.

"அவரு காயுறாருடா," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான்கு பக்கமும் போய் ஒவ்வொரு கொடியாக அவளே அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்த ஒன்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். எல்லாவற்றையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரோ ஒருவன் லாரியின் மூக்கில் சிவப்புக் கொடியைக் கட்டினான். சுடலை வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஊரின் படிப்பு. கேட் பக்கம் நின்றவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். கண்ணாடி உடைந்த லாரி, முன்னால் சிவப்புக் கொடி, அந்தோணி படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறார், உள்ளே ஒரு பிணம், பக்கத்தில் தலைவிரி கோலமாக ஒரு பெண். அவர்களும் படித்தார்கள். காண்ட்ராக்டர் ஆட்கள் தோழர் ஒருவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று படித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோஷம் கிளம்பியது. வீரவணக்கம் என்று ஆயிரம் தொண்டை கத்தியது. வாழ்க்கையில் துரைக்கு எதிரே தொப்பியைக்கூட மாட்டாத என் அப்பா தியாகியானார். எங்கிருந்தோ சங்கு வந்தது, எவனோ ஊதினான். எங்களைத் தொடாத கைகள் எல்லாம் பாடையைப் பிடித்தன. எனக்குத் தோள் கொடுக்க இடம் கிடைக்கவில்லை. அவர் சளி வந்து செத்தார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தோணி அண்ணன் தோளில் கை வைத்து, "சும்மா வாலே," என்றார்.

கேட்டில் நின்ற காண்ட்ராக்டர், தன் சொந்த லாரியில் ஒரு பிணம் கோஷத்தோடு வருவதைப் பார்த்துவிட்டுக் காணாமல் போனார். அந்த வாரமே பேச்சுவார்த்தைக்கு வந்தார். கூலி கூடியது. எங்களுக்கும் கூடியது. அட்டையும் கிடைத்தது, தியாகி குடும்பம் என்று எனக்குத்தான் முதல் அட்டை. ரோட்டோரச் சுவர் ஒன்றில் சிவப்பு மையில் 'தியாகி பெருமாள்' என்று பெரிதாக எழுதினார்கள். நான் அந்தோணி அண்ணனிடம் போய், அப்பா நெஞ்சுச் சளியில் செத்தார் என்று உங்களுக்குத் தெரியுமே என்று கேட்டேன்.

"சளின்னு சொவத்துல எழுத முடியுமாலே?" என்றார்.

நன்றி சொல்ல வேண்டுமாம். டீக்கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். என் அப்பாவை வைத்து அவர்கள் ஜெயித்தார்கள், நான் நன்றி சொல்ல வேண்டும். அட்டை கையில் இருந்தும் 'சிலோன் வெடி' போகவில்லை, 'தியாகி மகன் சிலோன் வெடி' என்று நீளமானதுதான் மிச்சம். எங்கள் குடியிருப்பில் சங்கத்தைக் கேட்காமல் எந்தத் துணியையும் கம்பில் கட்டக் கூடாது என்று உத்தரவு. அதற்குப் பிறகு எங்களில் இரண்டு பேர் செத்தார்கள். சங்கு ஊத ஆள் பிடித்தோம். காதால் சாகக் கற்றுக்கொண்டோம். அப்பாவைப் புதைத்த மேட்டில் சங்கத்தார் ஒரு சிவப்புக் கொடி நட்டார்கள். உப்புக் காற்றில் வெளுத்தால் புதிதாக மாற்றுகிறார்கள். அதில் குறை சொல்ல முடியாது. கவனமாகத்தான் மாற்றுகிறார்கள்.

போன மாதம் எங்கள் பழைய லயத்திலிருந்து ராமாயி அக்கா குடும்பம் வந்து சேர்ந்தது. மூட்டையை இறக்கும் முன்பே அம்மா அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தந்தி கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்ததாம். என் அக்கா தந்தியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாளாம். பிறகு எழுந்துபோய் மூங்கில் வெட்டினாளாம். பெண்பிள்ளை வெட்டுகிறாளே என்று லயத்து ஆண்கள் ஓடிப்போய்க் கத்தியை வாங்கிக்கொண்டார்களாம். மெயின் ரோடு வரைக்கும் கட்டி, மேலே மயானம் வரைக்கும் கட்டினார்களாம். தப்பு அடித்ததாம். அக்கா முன்னால் நடக்க, லயமே பின்னால் நடந்து மயானத்துக்குப் போயிருக்கிறது. அங்கே போன பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. குழியும் இல்லை, ஆளும் இல்லை. கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆற்றில் தலை முழுகிவிட்டுத் திரும்பினார்களாம்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்கேருந்து கட்டுனாங்க?"

"ஒங்க காம்பரா வாசல்லேருந்துதான். இப்ப அதுல வேற சனம் இருக்கு. அவங்க ஒண்ணும் சொல்லல. வாசலக் கூட்டி விட்டாங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"அப்ப அவரு அங்கேருந்துதாண்டா கெளம்பியிருக்காரு," என்றாள்.

இங்கே அவர் குழியில் மண் தள்ளியவன் நான். எதற்கும் வாய் திறக்கிறவன். அம்மாவிடம் மட்டும் அன்றைக்கு இல்லை என்று சொல்லவில்லை.